பாலாற்றங்கரையில் பாழடைந்தவை

(ஜோலார்பேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆற்றோரம் கைவிடப்பட்டுக் கிடக்கும் படகுகள், பழைய ஆலைகள் ஆகியவற்றைப் படமெடுப்பது பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். அந்தத் தலைப்பின் முதல் பாதிக்கு நம் பக்கத்தில் இடமில்லை. பாலாற்றில் படகு கிடையாது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் கடந்து வயலூர் அருகே கடலைச் சேரும் ஆறு இது. ஆண்டின் பெரும்பகுதி மணலுக்கு அடியில்தான் தண்ணீர் நகர்கிறது. மேலே வெள்ளம் வரும்போதோ, படகு விடும் வெள்ளமாக வராது. 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியின் ஒரு பகுதியையே வாரிக்கொண்டு போனது. 2021 நவம்பரில் கரை நிறைந்து ஓடியதை இங்கே இருக்கிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் நம் வட்டாரத்துத் தொழிலான தோலுக்கும் படகுக்கும் ஓர் உறவு இருந்தது. ஒகேனக்கல்லில் இன்று ஓடும் பரிசல்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் இருக்கின்றன. முன்பு அங்கே மூங்கில் பின்னலின் மேல் மாட்டுத்தோலைப் போர்த்தித்தான் பரிசல் கட்டினார்கள். தோல் மக்கிப்போகும், மூங்கில் உளுத்துப்போகும். ஆகவே கைவிடப்பட்ட பழைய தோல் பரிசல் ஒன்றை இன்று கரையில் தேடினால் கிடைக்காது. அதைக் கட்டத் தெரிந்தவர்களின் கை வேலையையாவது படமெடுத்து வைக்க வேண்டியது நம் தலைமுறையின் பொறுப்பு.

கைவிடப்பட்ட படகுகளுக்குப் பேர்போன இரண்டு இடங்களைச் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன். ஒன்று இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கும் பர்ட்டன். 1909-ல் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவிலிருந்த கரை சரிந்தது. அதைக் காப்பாற்றப் பழைய சரக்குப் படகுகளை இழுத்துவந்து கரையேற்றிப் புதைத்தார்கள். பின்னும் பல பத்தாண்டுகள் அப்படியே படகுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். வெகுகாலம் அவை பெயர் தெரியாத மரக்கட்டைகளாகக் கிடந்தன. பிறகு ஆர்வலர்கள் ஒவ்வொன்றையும் அளந்து, படமெடுத்து, பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டு, எந்தப் படகு, எங்கே கட்டியது, என்று கரையேறியது என்று கண்டுபிடித்துப் பெயர்ப்பலகை நட்டார்கள்.

இன்னொன்று உஸ்பெகிஸ்தானின் மொய்னாக். ஆரல் கடலின் துறைமுக ஊர். மீன் பதப்படுத்தும் ஆலை இருந்த ஊர். 1960-களிலிருந்து பருத்திக்காக, அந்தக் கடலில் சேரும் இரண்டு ஆறுகளின் நீரையும் திருப்பியதில் கடல் பின்வாங்கிப் போய்விட்டது. மீன்பிடிக் கப்பல்கள் மணலில் நின்றுவிட்டன. இன்று அங்கே சுற்றுலாப் பயணிகள் கப்பல் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். துருப்பிடித்த கப்பல், வெளுத்த மணல், நீல வானம். எப்படி எடுத்தாலும் அழகாக விழும். ஆனால் அந்த மணலில் உப்பும் வயல்களிலிருந்து வந்த பூச்சிமருந்தும் கலந்திருக்கின்றன. காற்றடிக்கும்போது அது ஊருக்குள் வருகிறது, மக்களின் நெஞ்சுக்குள் போகிறது. கப்பல்களின் படத்தில் அது தெரிவதில்லை.

நான் இன்று சொல்ல வந்த செய்தி இதற்குள்தான் இருக்கிறது. பாலாற்றங்கரையில் பாழடைந்து கிடப்பவற்றை ஒருகாலத்தின் மிச்சம் என்று நினைத்து நாம் படமெடுக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஆலை நின்றுபோன பிறகும் அதன் உப்பு கிணற்றில் ஊறுகிறது, அதன் கழிவு மழைக்குக் கரைந்து இறங்குகிறது. இதை மறைக்கிற படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பொய்ப் படம். இதைக் காட்டுகிற படம் சுமாராக இருந்தாலும் அது நமக்கு வேண்டும்.

நம் பகுதியைப் படமெடுத்தவர்களில் மிக முந்தியவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி. 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மெழுகு பூசிய காகிதத்தையே நெகட்டிவாகப் பயன்படுத்தி, மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1858-ல் வெளியான அவருடைய தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் பற்றியது. அன்றைக்கு நம் திருப்பத்தூர் வட்டமும் வாணியம்பாடியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. நூற்று அறுபது ஆண்டுகள் கழித்தும் அந்தப் படங்கள் பயன்படுகின்றன என்றால், அவற்றின் கலையழகு மட்டும் காரணமில்லை. எந்த இடம், எந்தக் கோட்டை, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று அவர் எழுதி வைத்தார். இன்றைக்கு நம் கைபேசிகளில் ஆயிரக்கணக்கில் கிடக்கும் படங்களுக்கு அந்த ஒரு வரி இல்லை. அவற்றை எடுத்தவர் காலத்துக்குப் பிறகு அவை யாருக்கும் எதையும் சொல்லப்போவதில்லை.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் ஜோலார்பேட்டையில் பேச முடியாது. 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பாதை அங்கிருந்து பாலாற்றங்கரையை ஒட்டியே ஆம்பூர், வாணியம்பாடி வழியாக நம்மிடம் வந்தது. 1864-ல் பெங்களூருக்குப் பிரியும் பாதை திறந்தபோது இது சந்திப்பு ஆனது. சென்னையின் தோல் வணிகமும் இந்த ஊர்களில் தோல் பதனிடும் டேனரிகளும் இந்தப் பாதையால்தான் இணைந்தன. பச்சைத் தோல் ரயிலில் வந்தது, பதனிட்ட தோல் ரயிலில் துறைமுகம் போனது.

நீராவிக் காலத்தில் இங்கே எஞ்சின் கொட்டகை இருந்தது. கரி அள்ளியவர்கள், கொதிகலன் கழுவியவர்கள், ஃபயர்மேன்கள் என்று அந்தக் காலத்து ஆட்களில் சிலர் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் குழுப் படங்களை மறுபடி படமெடுத்துப் பெயர்களை எழுதி வையுங்கள் என்று நான் போகுமிடமெல்லாம் சொல்லிவருகிறேன். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் போட்ட குறும்பாதை ரயில் ஒன்று இருந்தது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோவதை மனத்தில் வைத்துப் போட்ட பாதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டுவிட்டது. தண்டவாளம் போன பிறகும் இப்படிப்பட்ட பாதையின் மண் கரை, சிறு பாலம், கல் தூண் என்று தடயங்கள் வயல்களுக்கு நடுவே நிற்கும். மாலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் அந்த மண் கரையின் மேடு கண்ணுக்குத் தெரியும். உச்சிவெயிலில் நின்றால் வெறும் பொட்டலாகத் தோன்றும். திருப்பத்தூர் மாணவர்கள் எவராவது அந்தப் பாதையை முழுவதும் நடந்து பதிவு செய்தால் அது மாவட்டத்துக்கே சொத்து. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: ஓடுகிற ரயில் பாதையிலும் நிலைய வளாகத்திலும் முன் அனுமதி வாங்காமல் கேமராவோடு இறங்கக் கூடாது.

இனி டேனரிக்குள் போவோம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. பழைய டேனரி ஒன்றைப் படமெடுக்கப் போகிறவருக்கு அந்தக் கட்டடம் ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இடிந்த சுவரையும் சுவரில் முளைத்த அரசமரத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

உப்பிட்ட தோல் வந்திறங்கியதும் முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பைக் கழுவுவார்கள். அடுத்தது சுண்ணாம்புக் குழி. முடி கழன்றுவிடும். பிறகு சதையைச் சீவி எடுத்து, சுண்ணாம்பைக் கழுவி, ஆவாரம்பட்டை ஊறிய குழிகளில் மாற்றி மாற்றிப் போடுவார்கள். தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். கடுக்காயும் எண்ணெயும் ஏற்றிக் காயவைத்தால் வேலை முடிந்தது. கிழக்கிந்தியத் தோல் என்று லண்டன் சந்தையில் பெயர் வாங்கியது இப்படிப் பதனிட்ட சரக்குதான். கீழ்த்தளத்தில் வரிசையாகக் குழிகள். மேல்தளத்தில் சுவருக்குப் பதிலாக மரச்சட்டங்கள், காற்று போகவர. அங்கேதான் தோலைத் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள். நேர் வெயில் பட்டால் தோல் விறைத்துப்போகும், ஆகவே நிழலும் காற்றும் வேண்டும். அந்த மரச்சட்டங்களின் வழியே வரும் ஒளிக்கீற்று இன்றைய புகைப்படக்காரர்களுக்கு மிகப் பிடித்த காட்சி. அந்த ஒளியை எடுங்கள், நானும் எடுத்திருக்கிறேன். கூடவே உத்தரத்தில் கொக்கி மாட்டிய தழும்பையும் எடுங்கள். அங்கே நடந்த வேலை என்னவென்று அந்தத் தழும்புதான் சொல்லும்.

1972-ல் சீதாராமையா குழு பரிந்துரை செய்தது: அரைகுறையாகப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் குறைத்து, முழுதாக முடித்த தோலும் செருப்பும் சட்டையுமாக ஏற்றுமதி செய்யலாம், நாட்டுக்கு வருமானமும் வேலையும் கூடும் என்று. அரசு ஏற்றுக்கொண்டது. அதற்கு, குரோமிய உப்பால் பதனிடும், ஏற்கெனவே இருந்த குரோம் முறை கைகொடுத்தது. வாரக்கணக்கில் குழியில் ஊறிய வேலையைப் பெரிய மரப்பீப்பாய்களில் போட்டுச் சுழற்றி ஒரு நாளில் முடிக்கலாம். இந்தப் பீப்பாயை இங்கே எல்லோரும் டிரம் என்பார்கள். அதிலிருந்து நீலநிறமாக வருவது வெட் புளூ. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் இன்றைய உருவம் எடுத்தது இதற்குப் பிறகுதான். ஆயிரக்கணக்கான பெண்கள் இந்த வட்டாரத்து ஷூ கம்பெனிகளுக்குக் காலை நேரத்தில் பஸ் ஏறிப் போகிறார்கள் என்றால் அதுவும் இந்த மாற்றத்தின் பலன். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வேலை என்பது சாதாரண விஷயமில்லை.

விலையை ஆறு கொடுத்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. அந்தத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் குரோமியமுமாக வெளியே வந்தது. டேனரிக் கழிவு என்றதும் எல்லோரும் குரோமியத்தைச் சொல்வார்கள். நம் கிணறுகளை முதலில் கெடுத்தது உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடுகிற அதே உப்பு. வறண்ட மாதங்களில் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துக் கைவிட்ட வயல்களில் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம். காலை ஏழு மணிக்கு முன், வெயில் தரையோடு தரையாக வரும்போது, குனிந்து எடுத்தால் அந்த உப்புப் பொருக்கு ஒவ்வொரு மண்கட்டியிலும் தெரியும். நான் எடுத்த படங்களில் நானே முக்கியமாகக் கருதுவது அப்படி ஒரு வயல்தான். அதில் ஆலையும் இல்லை, துருவும் இல்லை. பாலாற்றங்கரையின் தொழில் வரலாறு அதில் இருக்கிறது.

ஆகவே நான் பின்பற்றும் வழி இது. மூடிய டேனரிக்குள் போனால் டிரம்மை எடுக்கிறோம், குழியை எடுக்கிறோம், தோல் காயவைக்கும் மாடியை எடுக்கிறோம். அதோடு நில்லாமல் கழிவுநீர் வெளியேறிய வாய்க்காலைத் தேடிப் பிடித்து, அது போகிற போக்கில் கூடவே நடக்க வேண்டும். ஓடையில் சேரும், ஓடை ஏரிக்குப் போகும், ஏரி ஆற்றுக்குப் போகும். வழியில் ஒரு கிணறு இருக்கும். கிணற்றுக்காரர் ஒருவர் இருப்பார். அவர் என்று இறைப்பதை நிறுத்தினார் என்று கேளுங்கள். அவர் சொல்லுகிற ஆண்டு உங்கள் படத்தின் பாதி.

அந்தக் குழிகளில் இறங்கி நின்றவர்கள் யார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டேனரி முதலாளிகளில் பெரும்பாலோர் இஸ்லாமிய வணிகக் குடும்பத்தினர். பச்சைத் தோலையும் சுண்ணாம்பையும் கையால் தொட்டு உழைத்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். பல தொழிலாளர்களின் கைகால்களில் சுண்ணாம்பும் ரசாயனமும் தின்ற புண் ஆறவே ஆறாது. ஆள் இல்லாத ஆலையின் அழகை மட்டும் எடுத்து மாட்டினால், இத்தனை பேரின் உழைப்பை ஒரு தடவை வாங்கியது போதாதென்று இன்னொரு தடவை அழிக்கிறோம். குழி வேலை பார்த்த ஒரு பெரியவரை அவர் சம்மதத்தோடு அதே குழியருகே நிற்கவைத்து எடுங்கள். அவருக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள்.

ராணிப்பேட்டைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. இந்தியாவின் முதல் உரத் தொழிற்சாலையை 1906-ல் பாரி கம்பெனி அமைத்த ஊர் அது. தொழில் வரலாறு தேடுகிறவர் ஒரு மாதம் தங்கலாம். அங்கேதான் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலையும் இருந்தது. டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்து, 1990-களின் நடுவில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைத் திறந்தவெளியில் மேடாக விட்டுவிட்டுப் போனது. டேனரிக் குரோமியத்தைவிடப் பலமடங்கு கொடிய வகைக் குரோமியம் அதில் இருக்கிறது. புற்றுநோய் தரக்கூடியது. உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-ல் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் நீர் கசியும். அந்த மஞ்சள் கேமராவில் கண்ணைப் பறிக்கும். நிறத்துக்காகவே அதை எடுத்துப் போட்டு ஆயிரம் பேரின் பாராட்டு வாங்கலாம். நான் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எடுத்தே ஆக வேண்டும். எடுக்கும்போது அந்த நீர் எங்கே போகிறது என்பதும் அதே சட்டகத்துக்குள் வரட்டும்: ஒரு வேலி, ஒரு மாடு, ஒரு தெருக்குழாய், ஒரு வீடு. வேலிக்கு வெளியே நின்று எடுங்கள். செருப்புக் காலோடு அந்த நீரில் இறங்காதீர்கள். காய்ந்த நாளில் அந்தப் பொடி காற்றில் பறக்கும்போது முகத்தை மூடாமல் நிற்காதீர்கள். கைபேசியைத் துடைத்த கையால் தண்ணீர் பாட்டிலைத் தொடாதீர்கள்.

இன்னொரு செய்தியையும் ராணிப்பேட்டையோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். 2015 ஜனவரி இறுதியில் சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இரவில் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு புகுந்தது. பத்துப் பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அந்தச் சம்பவத்துக்கு நம் ஊர்களில் யார் எடுத்த படம் நினைவில் இருக்கிறது? நாளிதழ்களில் சில வந்தன. பிறகு ஒன்றுமில்லை.

படம் வெறும் நினைவுக்காக மட்டும் இல்லை என்பதற்கு நம் ஆறே சாட்சி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு கொடுக்க வேண்டும், கேடு வரக்கூடும் என்றாலே முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பெயரால்தான் அதைப் படிக்கிறார்கள். டேனரிப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கை அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001-ல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. அதற்குப் பிறகும் வழக்கு தீரவில்லை. 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடி உத்தரவிட வேண்டி வந்தது: இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும், ஆற்றை மீட்கும் வேலையை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு கண்காணிக்கட்டும் என்று.

முப்பது ஆண்டுக்கு மேல் நீளும் ஒரு வழக்கில், எந்த ஆண்டு எந்தக் கிணறு எப்படி இருந்தது என்று காட்டத் தேதியிட்ட படங்கள் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இனியாவது அவை இருக்கட்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றிதழோடு சாட்சியமாக ஏற்கிறது. ஆகவே மூலக் கோப்பைத் திருத்தாமல் அப்படியே வையுங்கள். நிறம் ஏற்றுவது, வெட்டுவது எல்லாம் பிரதியில் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி மூலத்தை அழித்துவிட்டால் நாள், இடம் எல்லாம் போய்விடும்.

பார்க்கும் முறைக்கு எனக்குப் பிடித்த முன்மாதிரி ஜெர்மனியின் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் தம்பதி. 1959-லிருந்து பல பத்தாண்டுகள், மூடப்போகிற சுரங்கக் கோபுரம், உலை, தண்ணீர்த் தொட்டி என்று ஒரே மாதிரி நேர்முகமாக நின்று எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மேகம் மூடிய நாளில் மட்டும் எடுப்பார்கள், நிழல் எதையும் மறைக்கக் கூடாதென்று. ஒரே வகைக் கட்டடத்தின் படங்களைப் பக்கம் பக்கமாக மாட்டினால் ஒவ்வொன்றின் வேறுபாடும் பேசத் தொடங்கும். 1990-ல் வெனிஸ் கலைவிழாவில் சிற்பத்துக்கான பரிசே அவர்களுக்குக் கிடைத்தது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அந்த வானம் இலவசமாகக் கிடைக்கிறது. வாணியம்பாடி முதல் மேல்விஷாரம் வரை நிற்கும், தோல் காயவைக்கும் மாடிகளை எல்லாம் ஒரே முறையில் எடுத்து ஒரே சுவரில் மாட்டியவர் இதுவரை என் கண்ணில் படவில்லை. இந்த அரங்கிலிருந்து ஒருவர் அதைச் செய்ய வேண்டும். மனை போடுவதற்காக அவை வேகமாக இடிபடுகின்றன.

ஆற்றின் மேல்பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. கர்நாடகத்தில் பேத்தமங்கலத்து ஏரி பாலாற்று நீரில் நிறைவது. அந்த நீர்தான் கோலார் தங்கவயலுக்குப் போனது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெருந்தொகை வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் சனங்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த கழிவு மண் மலைகளாக அங்கே நிற்கிறது. அந்த மலைகளை சினிமாக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். அவற்றின் அடியில் லைன் வீடுகளில் இன்னும் தமிழ் பேசிக்கொண்டு வாழும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களை எடுக்க நாம் இன்னும் போகவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து, தங்கவயலுக்குப் பக்கத்துப் பங்காருப்பேட்டைக்கு ரயில் இருக்கிறது.

கடைசியாக, நம் கண்ணெதிரே நடந்த ஒன்று. 2019-ல் சென்னை தண்ணீரில்லாமல் தவித்தபோது இந்த ஊரிலிருந்துதான் ரயிலில் தண்ணீர் போனது. ஜூலை 12-ந் தேதி முதல் ரயில். 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். மேட்டுச்சக்கரக்குப்பத்திலிருந்து நிலையம் வரை குழாய் இழுத்தார்கள். அது பாலாற்றுத் தண்ணீர் இல்லை, காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர். பாலாற்றங்கரையில் பிறந்த நாமே இன்று காவிரியைக் குடிக்கிறோம். அந்தக் குழாய் வரிசையையும் வேகன்களையும் நிலையத்தில் அன்று நின்ற கூட்டத்தையும் உங்களில் பலர் கைபேசியில் எடுத்திருப்பீர்கள். அது இன்னும் ஐம்பது ஆண்டில் வரலாற்று ஆவணம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் அந்தப் படங்களைத் தேடி எடுங்கள். எந்த நாள், எந்த இடம், படத்தில் இருப்பவர் யார், அங்கே என்ன நடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி தமிழில் எழுதுங்கள். அச்சிட்ட பிரதி ஒன்றை உங்கள் ஊர் நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுங்கள். நாளைக்கு நீங்கள் எடுக்கப்போகும் டேனரிப் படத்தையும் வயல் படத்தையும் அப்படியே செய்யுங்கள். இந்த மாதத்திலிருந்தே தொடங்குங்கள்.